குதிரையோடு பழகும் பிள்ளைகள்



பௌர்ணமி இரவில் அடி அண்ணாமலை வழியாகக் கிரிவலம் போனவர்களுக்குத் தெரியும்: ஒலிபெருக்கி, கடைச் சத்தம், விடியும்வரை ஓயாத கூட்டம். அந்த நெரிசலில் ஒரு பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு அலறினால், "வளர்க்கத் தெரியவில்லை" என்று தாயைக் குறை சொல்லிவிட்டு நடக்கிறோம். அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் இருக்கலாம். நமக்குப் பழகிப்போன சத்தம் அதற்குத் தாங்க முடியாத வேதனை.

இப்படிப்பட்ட பிள்ளைகள் சிலர் குதிரையின் பக்கத்தில் அமைதியடைகிறார்கள். குதிரை கேள்வி கேட்பதில்லை. முகத்தைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவதில்லை. ஆனால் பதில் சொல்லும். எரிச்சலடைந்தால் காதைப் பின்னால் மடக்கும். நிதானமாகத் தடவிக்கொடுத்தால் தலையைத் தாழ்த்தும். "நட" என்ற ஒரு சொல்லுக்கு அவ்வளவு பெரிய உடம்பு நகர்வதைக் கண்ட பிள்ளைக்கு, அந்தச் சொல்லை மறுபடி சொல்லிப்பார்க்க ஆசை வரும். முதுகில் உட்கார்ந்தாலோ, நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதுபோலவே, குதிரையின் நடை பிள்ளையின் இடுப்பை அசைத்து உடம்பைச் சமநிலைக்குப் பழக்குகிறது.

அமெரிக்காவில் ராபின் கேப்ரியல்ஸ் குழுவினர் ஆட்டிசம் கொண்ட, 6 முதல் 16 வயதுவரை உள்ள 127 பேரிடம் ஆய்வு நடத்தி, 2015இல் வெளியிட்டார்கள். ஒரு பிரிவினருக்கு 10 வாரம் குதிரையேற்றம். மற்றவர்களுக்குக் குதிரையைப் பற்றிய பாடம் மட்டும். ஏறிப் பழகியவர்களிடம் எரிச்சலும் பரபரப்பும் கூடுதலாகக் குறைந்தன, பேச்சும் கூடியது.

இதனால் ஆட்டிசம் குணமாகிவிடும் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். கடற்கரையில் ஒரு சுற்று ஏற்றி இறக்குவதும் சிகிச்சை ஆகாது. நன்றாகப் பழக்கிய சாதுவான குதிரை வேண்டும். அதைப் பிடித்து நடத்த ஒருவர், பிள்ளைக்கு இருபுறமும் துணை, தலைக்கவசம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் வேண்டும். வலிப்பு வரும் பிள்ளை என்றால் மருத்துவர் சம்மதிக்காமல் ஏற்றவே கூடாது.

தீபத் திருவிழாச் சந்தைக்குக் குதிரைகள் வந்து நிற்கிற ஊர் திருவண்ணாமலை. குதிரை வளர்ப்பவர்களும் சிறப்புப் பள்ளி ஆசிரியர்களும் கைகோத்தால் இந்த மண்ணிலும் குதிரைவழிச் சிகிச்சையை முறையாகச் செய்ய முடியும் என்று நம்புகிறேன்.

பெற்றோரே, பெயர் சொல்லிக் கூப்பிட்டும் குழந்தை திரும்பவில்லை, பேச்சு தாமதமாகிறது என்றால் அது ஆட்டிசமாக இருக்கலாம், காத்திருக்காதீர்கள். அரசு மருத்துவமனையில் மாவட்ட இடையீட்டு சேவை மையம் எங்கே என்று கேட்டுப் போய்க் காட்டுங்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசமும் இருக்கிறது. அடையாள அட்டைக்கு விண்ணப்பியுங்கள். அது உங்கள் பிள்ளையின் உரிமை.