வாயிலோடு முடிவதா வைத்தியம்?



நாடகம் எழுதுபவன் நான். எங்கள் மேடையில் மருத்துவமனைக் காட்சி என்றால் முடிவு எளிது. நோயாளி கண் விழிப்பான், தாய் கண்ணீர் துடைப்பாள், மருத்துவர் புன்னகை புரிவார், திரை விழும், கொட்டகை கைதட்டும். அந்த நோயாளி எந்தப் பேருந்தில் ஊர் போனான், கையில் கொடுத்தனுப்பிய சீட்டை அவனுக்கு எவர் படித்துச் சொன்னார் — இதை எந்த நாடகாசிரியனும் எழுதுவதில்லை. அவன் எழுதாவிட்டால் நட்டமில்லை. நாடாள்வோர் எழுத மறந்தால்?

பென்னாகரம் பக்கத்துக் கோட்டூர் மலையை அறிவீர்கள். 2021 சட்டமன்றத் தேர்தலின்போது அம்மலைக்கு வாக்குப்பதிவு இயந்திரங்கள் கழுதை முதுகில் ஏறிச் சென்றன. ஏடுகள் படம் போட்டன. சனநாயகத்தின் சிறப்பைப் பாரீர் என்றனர், நான் மறுக்கவில்லை. ஒரு வாக்கும் விடுபடக்கூடாது என்று மலையேறத் தெரிந்த ஆட்சி இயந்திரத்துக்கு, வயிற்றைக் கிழித்து மகவு ஈன்ற தாய் ஏழாம் நாள் எப்படி இருக்கிறாள் என்று பார்த்துவர வழி தெரியாதா என்பதே என் கேள்வி.

ஏழாம் நாள் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லவில்லை. 2011இல் இந்திய அரசு வகுத்த ஏற்பாடு ஒன்று உண்டு. மருத்துவமனையில் பிறந்த குழந்தையை 3, 7, 14, 21, 28, 42 ஆம் நாள்களில், ஆறு முறை, வீட்டுக்கே சென்று பார்க்கவேண்டும். எடை கூடியதா? உடல் சில்லிட்டிருக்கிறதா? தொப்புளில் சீழ் உண்டா? மார்பு உள்வாங்க மூச்சு வாங்குகிறதா? பாலை இழுத்துக் குடிக்கிறதா? தாய்க்குக் காய்ச்சல் உண்டா? தராசும் வெப்பமானியும் பழகிய கண்ணும் போதும், இவற்றைக் கண்டறிய.

இந்த ஏற்பாட்டுக்கு வழிகாட்டியது மராட்டியத்துக் கட்சிரோலி. அங்கே அபய் பங், ராணி பங் என்னும் மருத்துவ இணையர் கிராமத்துப் பெண்களுக்கே பயிற்சி தந்து வீடுதோறும் அனுப்பினர். மூன்றாம் ஆண்டில் பச்சிளங்குழந்தை இறப்பு 62 விழுக்காடு குறைந்தது என்று 1999இல் ‘லான்செட்’ ஏடு வெளியிட்டது. 2014 நவம்பரில் தருமபுரி அரசு மருத்துவமனையில் பச்சிளங்குழந்தைகள் அடுத்தடுத்து மாண்டபோது நாடே பதைத்தது. எடை குறைந்து பிறந்தவை பல. அத்தகைய குழந்தை பிழைத்து வீடு திரும்பினாலும் ஆபத்து தீர்ந்துவிடுவதில்லை; முதல் மாதம் முழுதும் அது கூடவே வருகிறது.

“வீடு வீடாகப் போக ஆள் ஏது?” என்பர், கணக்குப் பார்க்கும் கனவான்கள். அவர்களைச் சித்தேரி மலைக்கும் கல்வராயன் மலைக்கும் இடைப்பட்ட சிட்டிலிங்கிக்கு அழைக்கிறேன். மருத்துவர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதாவும் 1993இல் அங்கே ஓர் ஓலைக்குடிலில் மருத்துவம் தொடங்கினர். அந்நாளில் ஆயிரம் குழந்தைகளுக்கு 147 குழந்தைகள் ஓராண்டு நிறையுமுன் மடிந்தன அப்பள்ளத்தாக்கில். மருத்துவர் இருவர் மட்டும் என்ன செய்ய இயலும்? மலைவாழ் பெண்களையே பயிற்றுவித்தனர். ஏட்டுக்கல்வி மிகுதியாகப் பெறாத அப்பெண்கள் பிரசவம் பார்த்தனர்; ஊர் ஊராகச் சென்று தாயையும் சேயையும் கண்டனர். இறப்பு பன்மடங்கு சரிந்தது. ஆள் ஏது என்றவர்களே, ஆள் அங்கேயே இருந்தார்கள், அழைப்பார்தான் இல்லை!

கட்டடம் வேண்டாம் என்கிறேனா? இல்லை. 2008இல் தருமபுரிக்கு மருத்துவக் கல்லூரி வந்தது பெரும் பேறு. ஆயினும் பக்கவாதத்தில் விழுந்தவன் கட்டிலை விட்டு எழுந்த நாளில் சிகிச்சை முடிவதில்லை. கையும் காலும் பழக்கப் பல மாதம் ஆகும். அதை உணர்ந்த திட்டம்தான் 2021 ஆகஸ்டு 5 அன்று, ஒருகாலத்தில் தருமபுரியோடு இணைந்திருந்த கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் மு.க. ஸ்டாலின் தொடங்கிவைத்த ‘மக்களைத் தேடி மருத்துவம்’. நீரிழிவுக்கும் இரத்தக் கொதிப்புக்கும் மாத்திரை வீட்டு வாயிலுக்கு வந்தது. படுத்த படுக்கையானவருக்கு வலி தணிப்பும் இயன்முறை மருத்துவமும், சிறுநீரகம் செயலிழந்தோருக்கு வயிற்றுவழிச் சுத்திகரிப்புப் பைகளும் வந்தன.

நம்மவர் திட்டம் என்பதால் புகழ்ந்துவிட்டு அமர்ந்துவிட நான் வரவில்லை. மாத்திரைப் பை சுமந்து நடந்த அந்தத் தன்னார்வப் பெண்களுக்குத் தரப்பட்டது ஊதியம் அன்று, ஊக்கத்தொகை. உழைப்புக்கு ‘தொண்டு’ எனப் பெயர் சூட்டிக் கூலியைக் குறைப்பது முதலாளியின் கலை. அது நமக்கு வேண்டாம். இதை மாவட்டக் கூட்டத்திலும் பேசுவேன்.

நீங்கள் என்ன செய்வது? வாக்காளர் பட்டியலை விரல் நுனியில் வைத்திருக்கும் கிளைச் செயலாளரே! இம்மாதம் உம் ஊரில் மருத்துவமனையிலிருந்து திரும்பியவர் எத்தனை பேர்? பிரசவித்த தாய் எவர், அறுவை முடிந்தவர் எவர், கை கால் வராதவர் எவர்? செவிலியர் வந்தாரா, எந்த நாளில் வந்தார்? வரவில்லையெனில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சொல்லியாயிற்றா? அடுத்த ஞாயிறு கிளைக் கூட்டத்துக்கு அந்தப் பட்டியலோடு வாருங்கள்.