படியின் முனை

(மாலை வகுப்பில் பேசியது)



பலகையில் ஒரே ஒரு சொல் எழுதியிருக்கிறேன். ‘படி.’ எல்லோரும் எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டீர்கள். இன்று நாம் பேசப் போவது காலால் மிதிக்கும் படியைப் பற்றி.

இந்த பெங்களூரில் நம்மில் பாதிப் பேருக்குக் கட்டட வேலை. என் அம்மாவும் சித்தாள்தான். மூன்று வருடத்துக்கு முன் ஒரு பழைய வீட்டில் இடிசலைச் சட்டியில் சுமந்து இறங்கினார். தலையில் சுமை இருந்தால் கண்ணுக்குக் கால் தெரியாது. பாதம்தான் படியின் முனையைத் தேடும். அங்கே முனை உடைந்திருந்தது. விழுந்தார். மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. ஆறு வாரமும் கூலி இல்லை.

படியின் முன் ஓரத்தை மேஸ்திரிகள் ‘நோசிங்’ என்பார்கள். சிமென்ட் முனை உடைந்தால் மேலே கொஞ்சம் பூசிவிட்டுப் போகக் கூடாது. ஒரு மாதத்தில் பெயர்ந்துவிடும். ஆடுகிற பகுதி முழுவதையும் கொத்தி எடுங்கள். தூசியைக் கழுவுங்கள். ஈரம் இருக்கும்போதே சிமென்ட் பால் தடவுங்கள். முன்னால் ஒரு பலகையை அசையாமல் நிறுத்துங்கள். ஒரு பங்கு சிமென்ட், மூன்று பங்கு மணல் கலவையை அழுத்தி அடையுங்கள். முனையைக் கத்தி போல விடாதீர்கள், சற்றே உருட்டிவிடுங்கள். ஏழு முதல் பத்து நாள் ஈரச் சாக்கு போட்டு வையுங்கள். யாரும் மிதிக்கக் கூடாது. வீட்டில் ஆள் இருந்தால் ஒன்று விட்டு ஒரு படியாக வேலை செய்யலாம். ஆனால் வயதானவர்களும் பிள்ளைகளும் அந்த நாட்களில் கீழேயே இருக்கட்டும். இரண்டு படியைத் தாண்டி ஏற அவர்களால் முடியாது.

சிமென்ட் மூட்டையையும் படியுங்கள்! எந்த வாரம், எந்த ஆண்டு தயாரானது என்று அதில் அச்சிட்டிருக்கும். மூன்று மாதம் தாண்டிய மூட்டைக்குப் பலம் குறைந்திருக்கும்.

கிரானைட் படி பார்க்க அழகு. ஈரம் பட்டால் வழுக்கும். பாலிஷ் போட்ட கல்லை எனக்குப் பிடிக்காது, அது வேறு விஷயம். முன் ஓரத்தில் இரண்டு மூன்று கோடு வெட்டச் சொல்லுங்கள். அல்லது வரி போட்ட அலுமினியப் பட்டை பொருத்துங்கள். துளை முனைக்கு மிக அருகில் இருந்தால் கல் பிளந்துவிடும். ஸ்க்ரூவின் தலை பட்டைக்குள் அமுங்க வேண்டும். வெளியே நீட்டினால் சேலை மாட்டும், கால் கிழியும். பட்டையை அறுத்த நுனியை அரத்தால் தேய்த்துவிடுங்கள்.

இன்னொன்றைப் பலரும் மறக்கிறார்கள். படி கட்டிய பிறகு தரைக்குக் கல் பதிக்கிறோம். தரை உயர்கிறது. உடனே முதல் படி குட்டையாகிவிடும். மாடியில் கல் பதித்தால் கடைசிப் படி உயரமாகிவிடும். பாதம் பழகிய உயரம் மாறினால் தடுக்கும். அதனால் கல்லின் கனத்தை முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். 2016 ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீட்டுப் படிக்கு அளவு சொல்கிறது. உயரம் 19 சென்டிமீட்டருக்கு மேல் கூடாது. மிதிக்கும் அகலம் 25 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது.

கல் வெட்டும்போது பறக்கும் வெள்ளைத் தூசி நுரையீரலில் தங்கும். சிலிகோசிஸ் என்ற நோய் வரும். அதைக் குணமாக்க மருந்து இல்லை. முந்தானையைக் கட்டினால் போதாது, தூசியை வடிகட்டும் முகக்கவசம் வேண்டும். கண்ணாடியும் வேண்டும். தண்ணீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். ஆனால் தண்ணீர் விட்டு வெட்டவென்றே செய்த மிஷினாக இருக்க வேண்டும். ஒயர் ஈரத்தில் கிடக்கக் கூடாது. சக்கரத்தின் மூடியைக் கழற்றி வேலை செய்யும் அண்ணன்மார்களை நானே பார்த்திருக்கிறேன். மேஸ்திரி அவசரப்படுத்தினாலும் கழற்றாதீர்கள்.

கைப்பிடி வராத மாடி ஓரத்தில் குறுக்கே கம்பு கட்டுங்கள். வெறும் கயிறு ஆளைத் தாங்காது.

நாளை வரும்போது உங்கள் வீட்டுப் படி ஒவ்வொன்றின் உயரத்தையும் அளந்து நோட்டில் எழுதி வாருங்கள். சென்டிமீட்டரில்.