நீலத் திரையா? ஃபார்மட்டுக்கு அவசரப்படாதீர்கள்
(நம் குடியிருப்போர் நலச்சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீர் லாரிக் கணக்கு முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள், அதனால் சுருக்கமாகவே பேசுகிறேன்.

போன மாதம் எங்கள் பிளாக் மாமி ஒருவரின் லேப்டாப் தினமும் நாலைந்து தடவை நீலத் திரை காட்டி நின்றது. கடையில், "ஃபார்மட் பண்ணினால்தான் சரியாகும்" என்றார்களாம். உள்ளே இருந்ததோ காலமான மாமாவின் படங்கள். வேறு பிரதி கிடையாது. முதலில் படங்களை ஒரு பென் டிரைவில் எடுத்தோம். பிறகு, தேடல் கட்டத்தில் 'ரிலையபிலிட்டி' என்று தட்டினால் வரும் நாள்வாரிப் பட்டியலைப் பார்த்தோம். தொல்லை தொடங்கியதற்கு முந்தின நாள் டிஸ்ப்ளே டிரைவர் அப்டேட் ஆகியிருந்தது. டிவைஸ் மேனேஜரில் 'ரோல் பேக் டிரைவர்' கொடுத்துப் பழையதற்குத் திரும்பினோம். பத்து நிமிட வேலை.

டிரைவர் என்பது விண்டோஸையும் உள்ளிருக்கும் பாகத்தையும் பேசவைக்கும் மென்பொருள். சாதாரண செயலி தப்புச் செய்தால் அது மட்டும் மூடிக்கொள்ளும். பல டிரைவர்கள் விண்டோஸின் கருவிலேயே ஓடுகின்றன. அங்கே தப்பு நடந்தால் மொத்தக் கணினியும் நிற்கும். 2024 ஜூலை 19 அன்று விமான நிலையத்தில் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்களே, நினைவிருக்கிறதா? கிரவுட்ஸ்ட்ரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர் படித்த ஒரே ஒரு கோப்பு தவறு. சுமார் 85 லட்சம் கணினிகள் விழுந்தன. சேஃப் மோடில் போய் அந்தக் கோப்பை அழித்ததும் எழுந்தன. அதற்கு ஃபார்மட் தேவைப்படவில்லை.

ஆகவே நீலத் திரை வந்ததும் (புதிய விண்டோஸில் கறுப்பு) அதிலுள்ள ஸ்டாப் கோடை மொபைலில் படம் எடுங்கள். விண்டோஸே நிலையாக ஓடவில்லை என்றால், ஷிஃப்டை அழுத்தியபடி ரீஸ்டார்ட் கொடுத்து சேஃப் மோடுக்குப் போகலாம். 'ரோல் பேக்' மங்கலாக இருந்தால், லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்தே டிரைவரை எடுங்கள். இலவச 'டிரைவர் அப்டேட்டர்' எதையும் தொடாதீர்கள். சூடும் ரேமும்கூடக் காரணமாகலாம். எல்லாப் பழியும் டிரைவருக்கு இல்லை.

பயாஸ் அப்டேட் வேறு கதை. பாதியில் கரண்ட் போனால் மதர்போர்டே எழாமல் போகலாம். நம் ஜெனரேட்டர் எடுக்கும் அந்தச் சில விநாடி போதும். ஷட்டவுன் அறிவித்த நாளில் வேண்டவே வேண்டாம். டெஸ்க்டாப்புக்கு யுபிஎஸ், லேப்டாப்புக்கு முழு சார்ஜும் சார்ஜரும்.

இன்னொன்று: பயாஸ் மாறினால் பிட்லாக்கர் 48 இலக்கச் சாவி கேட்கலாம். அது இல்லையென்றால் படங்கள் உள்ளேயே பூட்டிக்கிடக்கும். பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும்; இன்றே பார்த்து எழுதி வையுங்கள். மாமி தன்னுடையதை ரேஷன் கார்டு ஃபைலில் வைத்திருக்கிறார்.

கேள்விகள் கேட்கலாம். பிரிண்டர் பற்றி மட்டும் வேண்டாம், எங்கள் வீட்டுப் பிரிண்டரே ஓடவில்லை.