அலமாரியில் அந்தப் பிள்ளையின் முகம் இல்லை

கெப்பாலா பத்தாஸில் என் அக்கா மகள், ஏழு வயது, தன்னையே ஒரு படமாக வரைந்தாள். முகத்துக்கு வெளிர் நிறப் பென்சிலை எடுத்தாள். "சித்தி, இதுதானே தோல் கலர்" என்றாள். அவள் என்னைப் போல நல்ல மாநிறம். யார் சொல்லிக் கொடுத்தது? அவள் படிக்கும் கதைப் புத்தகங்களைப் புரட்டினேன். பதில் அங்கே இருந்தது.

இதே கேள்வியோடு ஒரு நூலகர் வாழ்ந்திருக்கிறார். அகஸ்டா பேக்கர். 1911ல் அமெரிக்காவின் பால்டிமோரில் பிறந்த கறுப்பினப் பெண். அப்பா அம்மா இருவரும் ஆசிரியர்கள். அவர்கள் வேலைக்குப் போக, பாட்டிதான் கதை சொல்லி வளர்த்தார். தோட்டத்து ஆயாக் கொட்டகையில் வளர்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆல்பனி ஆசிரியர் கல்லூரி அவரைச் சேர்க்கத் தயங்கியது. அன்றைய நியூயார்க் ஆளுநரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட் பரிந்து பேசிய பிறகே இடம் கிடைத்தது. 1934ல் நூலகவியல் பட்டம் பெற்றார். அக்கல்லூரியில் அதைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவர்.

1937ல் நியூயார்க் பொது நூலகத்தின் ஹார்லெம் கிளையில் சிறுவர் நூலகராகச் சேர்ந்தார். கறுப்பின மக்கள் நிறைந்த வட்டாரம் அது. அலமாரியிலோ கறுப்புப் பிள்ளைகள் வரும் புத்தகங்கள் சொற்பம். வந்தாலும் தடித்த உதடு, கொச்சைப் பேச்சு, வேலைக்காரன், கோமாளி! தினமும் வாசிக்க வரும் பிள்ளைக்கு அது எப்படி இருந்திருக்கும்? எனக்குக் கொஞ்சம் தெரியும். முதன்முதல் கேமரா முன் நின்ற நாளில், என் முகத்தில் இரண்டு படி வெளுப்பு அப்பித்தான் அனுப்பினார்கள்.

அகஸ்டா புலம்பிக்கொண்டிருக்கவில்லை. 1939ல் ஒரு தனித் தொகுப்பைத் தொடங்கினார். மொழி, கருப்பொருள், படம் இந்த மூன்றையும் பார்த்துத்தான் புத்தகத்தைச் சேர்த்தார். நல்ல புத்தகம் போதவில்லை என்று பதிப்பாளர்களிடமே முறையிட்டார். தேர்ந்தெடுத்தவற்றை 1946ல் பட்டியலாக வெளியிட்டார். மற்ற நூலகங்களுக்கும் அது வழிகாட்டியது.

கதை சொல்வதிலும் அவர் கெட்டிக்காரர். புத்தகத்தைப் பார்த்து வாசிக்க மாட்டார். கதையை மனத்தில் ஏற்றி, பிள்ளைகளின் கண்ணைப் பார்த்துச் சொல்வார். 1961ல் நியூயார்க்கின் எண்பதுக்கும் மேற்பட்ட கிளைகளின் சிறுவர் பிரிவுக்கே தலைமை ஏற்றார். அந்தப் பதவிக்கு வந்த முதல் கறுப்பினத்தவரும் அவர்தான். 1974ல் ஓய்வு. ஓய்வு என்றா சொன்னேன்? 1980ல் தென் கரோலினா பல்கலைக்கழகம் அழைக்க, 1994 வரை அங்கே கதை சொன்னார். 1998ல் காலமானார்.

தமிழ்ப்பள்ளி நூலகங்களுக்குப் புத்தகம் வாங்கும் ஆசிரியர்கள் இந்த அரங்கில் இருக்கிறீர்கள். விலையைப் பார்க்குமுன் படங்களை ஒருமுறை புரட்டிப் பாருங்கள் ஐயா, அம்மா.

அக்கா மகள் அந்தப் படத்தை இன்னும் முடிக்கவில்லை. பழுப்புப் பென்சில் வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.