பழைய மொரிஸ் மைனரும் புதிய பிரேக் ஷூவும்
(வெருகல் கூடலில் சாரதிகளுக்கும் பட்டறைத் தொழிலாளருக்கும் ஆற்றிய உரை)



மலையிலிருந்து வெருகலுக்கு வந்த எங்களுக்கு வழியே பாடமாகிவிட்டது. மாத்தளைப் பக்க இறக்கத்தில் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி, பிடி தளர்ந்துவிடும். இங்கே மகாவலி பெருகி வெருகல் ஆறு வீதிக்கு வந்தால் டிரம்முக்குள் தண்ணீர் போகும், அப்போதும் பிடிக்காது. இறக்கத்தில் கியரைக் குறைத்து வாருங்கள். தண்ணீரைத் தாண்டியதும் மெதுவாக ஓடி, பிரேக்கை லேசாக மிதித்து மிதித்துக் காய விடுங்கள்.

இனி இந்தக் காருக்கு வருவோம். மொரிஸ் மைனர் 1948 முதல் 1971 வரை செய்யப்பட்ட வண்டி. நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக்தான். 1962இல் 1098 சிசி இயந்திரம் வந்தபோது முன் டிரம் 8 அங்குலமானது. அதற்கு முந்தியது 7 அங்குலம். கடையில் ஷூ கேட்கும் முன் டிரம்மை அளந்துகொண்டு போங்கள். ஒரு பக்கத்துக்கு மட்டும் புது ஷூ போடக்கூடாது. போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும்.

சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் புகாதீர்கள். டிரம்மைக் கழற்றினால் கறுப்புத் தூசி இருக்கும். பழைய ஷூவில் அஸ்பெஸ்டஸ் இருக்கக்கூடும். அந்தத் தூசி நெஞ்சுக்குள் போனால் பல வருடம் கழித்துத்தான் நுரையீரலைக் கெடுக்கும். வாயால் ஊதுவது, காற்றுக்குழாயால் அடிப்பது இரண்டும் வேண்டாம். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். எத்தனை பட்டறையில் எங்கள் பெடியன்கள் இதை ஊதிக்கொண்டு நிற்கிறார்கள்!

ஒரு பக்கத்தை முடித்த பிறகே மறுபக்கத்தைக் கழற்றுங்கள். ஸ்பிரிங் எந்தத் துளையில் என்ற சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ளலாம். டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக்கை மிதிக்கக்கூடாது, பிஸ்டன் வெளியே வந்துவிடும். சிலிண்டரில் கசிவு இருந்தால் புது ஷூ போட்டும் பயனில்லை, ஒயில் பட்ட ஷூ பிடிக்காது.

பூட்டும்போது அட்ஜஸ்டரை முழுக்கத் தளர்த்தி டிரம்மைப் போடுங்கள். பிரேக்கை இரண்டு மூன்று தரம் மிதித்தால் ஷூ நடுவில் உட்காரும். பிறகு டிரம்மின் துளைவழி திருப்புளியை விட்டு, சக்கரம் இறுகும்வரை திருகி, ஒரு பல் பின்னால் விடுங்கள். முன் சக்கரம் ஒவ்வொன்றிலும் இரண்டு அட்ஜஸ்டர், பின் சக்கரத்தில் ஒன்று. பலர் முன்னால் ஒன்றை மட்டும் திருகிவிட்டு, மற்றதை மறந்துவிடுகிறார்கள். பின்பக்கம் செய்யும்போது ஹேன்ட் பிரேக்கை விட்டிருக்க வேண்டும்.

இன்னொன்று: முன் சக்கரத்தின் இரண்டு ஷூவும் முன்னோக்கி ஓடும்போதுதான் முழுவதாய்க் கவ்வும். ஏற்றத்தில் நின்று பின்னால் உருண்டால் அந்தப் பலம் இல்லை. தேயிலை மலையில் ஓட்டுகிறவர்கள் இதை மறக்கவேண்டாம்.

பிரேக் ஒயில் போத்தல் முன்பக்கத்தில் இல்லை, சாரதியின் காலடிப் பலகைக்குக் கீழேதான். அந்த ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஈரமானது இறக்கத்தில் சீக்கிரம் கொதித்து, மிதி தரையைத் தொடும்.

தோட்டத்து லொறியிலும் டிரக்டர் பெட்டியிலும் ஏறுகிற பெண்கள் இதைக் கேளுங்கள்: பிரேக் பிடிக்கவில்லை என்று சாரதி சொன்னால் ஏறாதீர்கள். அவரையும் தனியே நிற்க விடாதீர்கள். தலைவரிடம் சொல்லி, நிர்வாகத்துக்கு எழுத்தில் கொடுங்கள்.

வண்டி ஜாக்கியில் இருக்கிறது. இனி ஒவ்வொருவராக முன்னுக்கு வந்து அந்த அட்ஜஸ்டரைத் திருகிப் பாருங்கள்.