மலிவு லேப்டாப்பில் எது மேல்?

கொடைரோட்டில் ரயிலேறி, மதுரைக்கோ திண்டுக்கல்லுக்கோ லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?

2011 செப்டம்பர் 15-இல் தமிழக அரசு கொடுக்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினியில் இருந்தது சுழலும் ஹார்டு டிஸ்க். அன்றைக்கு அது சரி. இன்று எஸ்.எஸ்.டி. இல்லாததைத் தொடவே வேண்டாம்.

செலரான், 4 ஜிபி ரேம் மலிவுதான். நாலு பக்கம் திறந்தால் மூச்சு வாங்கும். படிப்புக்கும் கணக்கு வழக்குக்கும் ஐ3 அல்லது ரைசன் 3, 8 ஜிபி போதும். வீடியோ எடிட்டிங் என்றால் 16 ஜிபி.

கையில் காசு குறைவா? அலுவலகங்கள் கழித்துவிட்ட பழைய லேப்டாப், புதிய செலரானைவிட மேல் என்பேன். ஆனால் இன்டெல் எட்டாம் தலைமுறைக்கு முந்தியதை வாங்காதீர்கள். விண்டோஸ் 11 அதில் முறைப்படி ஏறாது. விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவோ 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பேட்டரியையும் கடையிலேயே ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.