மதிப்பெண் எங்கிருந்து வருகிறது?

அமெரிக்காவில் 1966இல் சமூகவியலாளர் ஜேம்ஸ் கோல்மனின் குழு சுமார் 6 லட்சம் மாணவர்களை ஆராய்ந்தது. பள்ளியின் வசதிகளைவிட வீட்டுச் சூழலும் கூடப் படிக்கும் பிள்ளைகளும்தான் மதிப்பெண்ணை அதிகம் தீர்மானிக்கின்றன என்றது அவர்களின் அறிக்கை.

நம் மலேசியாவில் இதை ஏட்டில் விடாமல் நடத்திக் காட்டியது ஸ்ரீ முருகன் நிலையம் என்ற கல்வி அமைப்பு. 1982இல் டாக்டர் தம்பிராஜா முன்னின்று அதைத் தொடங்கினார். டியூஷனோடு நிற்காமல், பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து பத்துமலை முருகன் கோவிலுக்குப் போகும் கல்வி யாத்திரையையும் வைத்தார்கள். படிப்பு குடும்பத்தின் காரியமாயிற்று. கட்டணம் கட்டியதோடு கடமை முடிந்தது என்று நினைக்கும் வீடுகளும் உண்டு. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

மதிப்பெண்ணைத் தீர்மானிக்கும் இன்னொன்று மொழி. கிள்ளானிலோ பிரிக்பீல்ட்ஸிலோ தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டை முடித்த பிள்ளை, படிவம் ஒன்றுக்குப் போனதும் வரலாறு, புவியியலை மலாயில் படிக்கிறது. விடை தெரியும், எழுத வராது. இந்தத் தடுமாற்றத்தைச் சோம்பல் என்று திட்டிவிடுகிறோம். படிவம் ஒன்றுக்கு முந்தைய பள்ளி விடுமுறையிலேயே தினம் ஒரு மலாய் நாளிதழ்ச் செய்தியை வாசிக்கவைத்து, அதைத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பத்து நிமிடம் போதும்.